'சூலிட்' முத்திரையும் குடிமக்கள் உரிமையும்

மலேசியாவில் அரசுத் தேர்வு எழுதிய எவரும் 'சூலிட்' என்ற மலாய்ச் சொல்லை அறிவர். வினாத்தாளின் மேல் ஓரத்தில் தடித்த எழுத்தில் அது அச்சாகியிருக்கும். 'மந்தணம்' என்பது அதற்கு நேரான தமிழ். தேர்வு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியேறும் பிள்ளை, அச்சொல்லோடு தனக்கிருந்த உறவும் முடிந்துவிட்டதென எண்ணுகிறது. உண்மையில் அவ்வுறவு அன்றுதான் தொடங்குகிறது. அப்பிள்ளை வளர்ந்து குடிமகனாகி, தான் குடிக்கும் நீருக்கு ஏன் இவ்வளவு விலை, தான் செல்லும் சாலைக்கு ஏன் இவ்வளவு கட்டணம், தன் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கிய நிலம் யாது என்று கேட்கும்போதெல்லாம் அதே சொல் எதிரே வந்து நிற்கிறது. அச்சொல்லின் பொருளைப் பள்ளியில் எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அரசின் பாதுகாப்பு ஆணைகள் மறைவான ஏடுகளை நான்கு படிகளாகப் பகுக்கின்றன. முதற்படி 'ரஹ்சியா பெசார்', அதாவது உயர் மறைபொருள். வெளிப்படின் நாட்டிற்கு ஈடு செய்யவியலாப் பெருங்கேடு விளையும் என்பது இலக்கணம். அடுத்தது 'ரஹ்சியா', நாட்டின் பாதுகாப்பிற்கு இடர் தருவது, நாட்டின் நலனுக்கும் மதிப்பிற்கும் கடுங்கேடு சூழ்வது, அயல் வல்லரசிற்குப் பெரும் ஆதாயம் தருவது. இவ்விரண்டையும் மறுப்பார் இலர். போர்க் கப்பல் எங்கே நிற்கிறது என்பதைச் சந்தையில் கூவச் சொல்லும் பேதை எவன்?

மூன்றாம் படியாகிய 'சூலிட்' என்பதன் இலக்கணமே ஊன்றிப் படிக்கத்தக்கது. நாட்டின் பாதுகாப்பிற்கு இடர் விளைக்காதெனினும் நாட்டின் நலனுக்கோ மதிப்பிற்கோ, அரசின் பணிகளுக்கோ தனியாட்களுக்கோ ஊறு செய்வது, அல்லது நிருவாகத்திற்கு நாணக்கேட்டையோ தொல்லையையோ உண்டாக்குவது, அல்லது அயல்நாட்டிற்கு ஆதாயம் தருவது என்று அது விரிகிறது. நாணக்கேடு என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். ஓர் அலுவலகத்தார் செய்த பிழை வெளிப்பட்டால் அவர் முகம் வாடும். ஆதலின் அதை மறைக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. நான்காம் படி 'தெர்ஹாட்', அதாவது வரையறுக்கப்பட்டது. மேற்கூறிய மூன்றிலும் அடங்காவிடினும் ஓரளவு காவல் தேவைப்படுவன எல்லாம் இதில் அடங்குமாம். வீட்டில் வேண்டாத பொருளையெல்லாம் போட்டு வைக்கும் மூலை அறை ஒன்று இருக்குமே, அதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

இப்பகுப்பிற்குப் பின்னே ஒரு சட்டம் நிற்கிறது. அது 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம். அதன் மூதாதை இலண்டனில் பிறந்தது. செருமானிய ஒற்றர் அச்சம் மேலோங்கிய 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பிரிட்டிஷ் மக்களவை ஒரே பிற்பகலில், ஒரு மணி நேரம்கூட வாதிடாமல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன் இரண்டாம் பிரிவு, அரசு ஊழியரிடமிருந்து வெளியேறும் எந்தச் செய்தியையும் குற்றமாக்கியது. அந்தப் பிரிவைப் பிரிட்டனே 1989இல் கைவிட்டது. மலேசியாவோ அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1986இல், தன் சட்டத்தை மேலும் இறுக்கியது. 

அவ்விறுக்கத்தின் பின்னணி தெளிவானது. 1978இல் எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், கடற்படைக்குச் சுவீடன் நாட்டிலிருந்து விரைவுப் படகுகள் வாங்கப்பட்ட விவகாரத்தை வெளியிட்டதற்காகக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். நீதிமன்றம் தண்டம் விதித்தது. 1985இல் அயல்நாட்டு வார இதழ் ஒன்றின் செய்தியாளர் 10,000 வெள்ளி தண்டம் கட்டினார். தண்டம் போதாதென அரசு கருதியது போலும். 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மறைபொருளை வெளியிட்டவருக்கு ஓராண்டிற்குக் குறையாமலும் ஏழாண்டிற்கு மேற்படாமலும் சிறை. தண்டத்தோடு விட்டுவிட நீதிபதி விரும்பினாலும் வழியில்லை. செய்தியாளர் சங்கமும் வழக்கறிஞர் மன்றமும் எதிர்த்தும் திருத்தம் நிறைவேறியது.

அத்திருத்தம் வேறொன்றையும் செய்தது. அமைச்சரவையின் ஏடுகள், மாநில ஆட்சிமன்றக் குழுவின் ஏடுகள், பாதுகாப்பு, தற்காப்பு, அயலுறவு பற்றியவை ஆகியன ஓர் அட்டவணையில் வைக்கப்பட்டன. அவற்றுக்கு முத்திரையும் வேண்டா; பிறக்கும்போதே மறைபொருள்கள். பிற ஏடுகளில் ஓர் அமைச்சரோ, மந்திரி புசாரோ, முதலமைச்சரோ, அவர்களால் அமர்த்தப்பட்ட அலுவலரோ முத்திரையிட்டால் அதுவும் மறைபொருளே. அது மறைபொருள் என ஓர் அலுவலர் சான்றிதழ் தந்துவிட்டால் அச்சான்றிதழே முடிவான சான்று. எக்காரணம் கொண்டும் எந்த நீதிமன்றத்திலும் அதை வினவலாகாது என 16A பிரிவு கூறுகிறது. பந்தயத்தில் ஓடுபவனே நடுவனாகவும் இருந்து, தன் தீர்ப்பை எதிர்த்து முறையிடவும் கூடாதென்றால், அந்த ஆட்டத்தை எந்தப் பள்ளித் திடலிலும் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மறைப்பே கூடாது என்பாரும் உளர். அவர் கூற்று பிழை. அதைப் பிழையெனக் காட்டத் தேர்வுத் தாளே போதும். 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் யு.பி.எஸ்.ஆர். தேர்வின் அறிவியல், ஆங்கில வினாத்தாள்கள் கைப்பேசி வழியே கசிந்தன. நாடெங்கும் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அம்மாத இறுதியில் மறுபடியும் தேர்வு எழுத நேர்ந்தது. ஆசிரியர் சிலர் இதே இரகசியச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பின்னர் 2021இல் அத்தேர்வே நீக்கப்பட்டது என்பது வேறு செய்தி. ஓராண்டு உழைத்த ஏழைப் பிள்ளையின் உழைப்பை ஒரு கசிவு ஒரே இரவில் வீணாக்கியது. ஆகவே வினாத்தாள் மறைவாக இருத்தல் அறமே.

ஆனால் அந்த மறைப்பின் இயல்பை நோக்குக. அதை ஏன் மறைக்கிறார்கள் என்பது எல்லார்க்கும் தெரியும். யாருக்காக மறைக்கிறார்கள் என்பதும் தெரியும், எழுதப்போகும் பிள்ளைகளுக்காகவே. எதுவரை மறைப்பார்கள் என்பதும் தெரியும். மண்டபத்தில் மணி ஒலிக்கும் வரை. மணி ஒலித்த பின் அத்தாளை ஆசிரியர் மாணவர்க்குப் பயிற்சியாகக் கொடுக்கிறார். புத்தகக் கடைகளில் கடந்த ஆண்டுகளின் வினாத் தொகுப்பு விற்பனைக்குக் கிடைக்கிறது. 'சூலிட்' என்ற சொல் அந்தத் தாளின் மூலையில் அப்போதும் இருக்கிறது; எவரும் அஞ்சுவதில்லை. காரணமும் பயனாளரும் காலமும் தெரிந்த மறைப்பு இது. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் பூட்டி வைக்கும் பிள்ளைகளின் தனிக் கோப்பும், மருத்துவமனையில் நோயாளியின் ஏடும் இவ்வகையினவே. இவை எளியவரைக் காக்கின்றன. அரசின் முத்திரைகளுள் எத்தனை இவ்வாறு எளியவரைக் காக்கின்றன என்பதே கேள்வி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர் இக்கேள்விக்கு விடையைத் தம் மூச்சாலேயே அறிந்தவர்கள். 1997ஆம் ஆண்டில் சுமத்திராவின் காட்டுத்தீ எழுப்பிய புகைமூட்டம் நாட்டை மூடிய பின்னர், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்களை மக்களுக்கு அறிவிக்காமல் அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. எண்களைக் கண்டு சுற்றுலாப் பயணிகள் அஞ்சி ஓடுவர் என்பது சொல்லப்பட்ட காரணம். அளக்கும் கருவிகள் இருந்தன, அளக்கும் அலுவலர் இருந்தனர், எண்ணும் இருந்தது. மூச்சு விடுபவனுக்கு மட்டும் அது தெரியவில்லை.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் புகை வந்தது. கிள்ளான் துறைமுகம், காப்பார், மேரு, கோல சிலாங்கூர் என மேற்குக் கரை முழுவதும் பகலிலும் விளக்கேற்றும் நிலை. பள்ளிகள் மூடப்பட்டன. கூக்குரல் எழுந்த பின்னரே எண்களை வெளியிட அரசு முடிவு செய்தது. ஆகஸ்டு 11ஆம் நாள், கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டியதால் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 300ஐத் தாண்டினாலே பேரிடர் என்பது அக்குறியீட்டின் கணக்கு. மேரு அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்டது. இளைப்பு நோயுள்ள பிள்ளையை இன்று திடலுக்கு அனுப்பலாமா, வகுப்பிலேயே இருத்தலாமா என்று முடிவு செய்ய ஓர் ஆசிரியருக்கு அந்த எண் வேண்டும். அது எந்த அயல் வல்லரசின் படைத்தலைவனுக்குப் பயன்படும்? எண்கள் அந்த ஆகஸ்டிலிருந்து வெளிவருகின்றன. சுற்றுலாத் தொழில் அழியவில்லை. அப்படியாயின் இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றை மறைத்ததன் பயன் யாது என்று இதுவரை எவரும் விளக்கியதில்லை.

சாலைக் கட்டணத்தின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளி, கூட்டரசு நெடுஞ்சாலையில் சுங்கை ராசாவிலும் பத்து தீகாவிலும் 2017ஆம் ஆண்டு இறுதிவரை நாள்தோறும் கட்டணம் செலுத்தினான். எத்தனை ஆண்டு செலுத்த வேண்டும், எந்தக் கணக்கில் உயரும், வண்டிகள் குறைந்தால் நட்டத்தை யார் ஏற்பது என்பனவெல்லாம் அரசும் சாலை நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் எழுதப்பட்டிருந்தன. அவை மறைபொருள்கள். பணம் கொடுப்பவன் ஒருவன். ஒப்பந்தத்தைப் படிக்கக் கூடாதவனும் அவனே.

2007ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையின் கட்டணம் 1 வெள்ளியிலிருந்து 1 வெள்ளி 60 காசாக உயர்ந்தது. அந்தச் சாலையின் உடன்படிக்கையை எதிர்க்கட்சியினர் வெளியிட்டனர். பொதுப்பணி அமைச்சர் டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலு, அது இரகசியச் சட்டத்திற்கு உட்பட்டதென எச்சரித்தார். வெளியிட்டோர் காவல்துறை விசாரணைக்கு அழைக்கப்பட்டனர். இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 2009 சனவரியில் சாலை உடன்படிக்கைகளை அதே பொதுப்பணி அமைச்சு மக்கள் வந்து படிக்கத் திறந்துவிட்டது. 2007இல் நாட்டிற்கு ஊறாக இருந்த தாள் 2009இல் நூலக ஏடாயிற்று. தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இடையே 2008ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் மட்டுமே நடந்தது.

நீருக்கும் இதே நிலைதான். 2006இல் சிலாங்கூரில் நீர்க்கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தபோது, அதற்கு அடிப்படையான உடன்படிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் காட்டுமாறு மலேசியத் தொழிற்சங்க மாமன்றம் கேட்டது. மறுக்கப்பட்டு நீதிமன்றம் சென்றது. 2010இல் உயர்நீதிமன்றம் காட்டச் சொன்னது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. 1எம்.டி.பி. நிறுவனத்தைப் பற்றிய தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை 2016இல் இச்சட்டத்தால் மூடப்பட்டது. அதன் 98ஆம் பக்கத்தை வைத்திருந்து வெளியிட்டதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் ரபிசி ரம்லிக்கு அதே ஆண்டு நவம்பரில் பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2018இல் ஆட்சி மாறிய சில நாட்களில் அந்த அறிக்கை திறக்கப்பட்டது. நாடறிந்த இக்கதையை விரிக்க வேண்டுவதில்லை. திருடுபோன பொருளுக்குப் பூட்டுப் போட்டதாகவும் இல்லை. திருட்டைப் பற்றிய ஏட்டிற்கே பூட்டுப் போட்டார்கள்.

இவையெல்லாம் பெரியவர்களின் விவகாரம், தமிழ்ப்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் ஆசிரியர் பலர். மேருவைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். தோட்டம் கைமாறும்போது அங்குள்ள பள்ளிக்கு எத்தனை ஏக்கர், கோயிலுக்கு எத்தனை அடி, இடுகாட்டிற்கு எந்த மூலை என்பதை முடிவு செய்வது மாநில அரசு. அரசமைப்புச் சட்டப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். அந்த முடிவு மாநில ஆட்சிமன்றக் குழுவில் எடுக்கப்படுகிறது. அக்குழுவின் ஏடுகளோ, மேலே கூறியபடி, அட்டவணையில் பிறக்கும்போதே மறைபொருள்கள். ஆகவே தமிழ்ப்பள்ளி வாரியத்தார் பல்லாண்டு அலைந்து கேட்பது, சட்டப்படி அவர்கள் கேட்கவே கூடாத ஓர் ஏட்டின் உள்ளடக்கமாக இருக்கக்கூடும். மேடையில் அறிவித்த நிலத்திற்கும் ஏட்டில் எழுதிய நிலத்திற்கும் வேற்றுமை உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. மேடை வாக்குறுதிகளை நம்பியே காலம் கழித்த ஓர் இனத்திற்கு, ஏட்டைப் பார்க்கும் உரிமையைவிட இன்றியமையாத உரிமை வேறு எது?

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அலுவலர்கள் மனம் திறந்து ஆலோசனை சொல்ல மாட்டார்கள், ஆட்சி நடவாது என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதில் ஓரளவு உண்மையுண்டு. முடிவு எடுக்கும்வரை ஆலோசனைக்குத் தனிமை தேவை. வள்ளுவரும் அரசனுக்கு ஒற்றாடலை ஓர் அதிகாரமாகவே வகுத்துத் தந்தவர்தாம். ஆயினும் முடிவு எடுத்தாயிற்று, பணமும் செலவாயிற்று, கட்டணமும் உயர்ந்தாயிற்று என்ற பின்னும் தனிமை ஏன்? தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றி இந்திய மாநிலங்களுக்கு முன்னே சென்றது. அச்சட்டம் விலக்குகள் மலிந்தது, பல்லில்லாதது என்ற குறை உண்மையே. எனினும் 2005இல் இந்திய நடுவணரசும் 2016இல் இலங்கையும் சட்டம் இயற்றின. அந்நாடுகளில் ஆட்சி நின்றுவிடவில்லை. இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலத்து இரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. எனினும் பொதுநலன் மேலோங்கும் இடத்தில் தகவல் தரலாம் என்று புதிய சட்டம் அதன் தலையில் தட்டி வைத்திருக்கிறது.

பழம்பெருமை பேசுவது எளிது. அதில் இன்பமும் உண்டு. உத்தரமேரூர்க் கல்வெட்டை மேடைதோறும் முழங்குவோர், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், குடவோலைத் தேர்தல் கண்ட பெருமையை மட்டும் கூறி அமர்ந்துவிடுகின்றனர். அதிலுள்ள நுட்பத்தைக் கூறுவாரில்லை. ஓலையிட்ட குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். உரக்கப் படிக்க வேண்டும். வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் நிற்கலாகாது. இவ்விதிகளையெல்லாம் கோயிற் சுவரில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தச் சபை நிலமுடைய அந்தணர் சபை; உழைத்தவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேசுவதும் ஒருவகை 'சூலிட்' முத்திரையே. ஆயினும் விரித்த கையில் வாங்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவன், அதிகாரம் உள்ளவனின் மூடிய கையை நன்கு அறிந்தவன்.

இனி ஆசிரியரின் அச்சத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். பள்ளிக் கூரை ஒழுகுகிறது என்று செய்தித்தாளுக்குச் சொன்னால் இரகசியச் சட்டம் பாயும் என நம்பும் ஆசிரியர் உளர். இது குழப்பம். இசைவின்றிப் பொதுவெளியில் அறிக்கை விடுதலைத் தடுப்பது 1993ஆம் ஆண்டின் பொதுச்சேவை ஒழுங்கு விதிகளில் 19ஆம் விதி. அது பணி ஒழுங்கு; இரகசியச் சட்டம் குற்றவியல். ஒன்றின் விளைவு துறை நடவடிக்கை. மற்றதன் விளைவு சிறை. ஒழுகும் கூரை மறைபொருள் அன்று. மழை பெய்யும்போது ஊரே அதைக் காண்கிறது. அதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேசலாம், பள்ளி வாரியம் எழுதலாம், பெற்றோர் முறையிடலாம். இரண்டு விதிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மறைபொருள் அல்லாதவற்றையும் மறைபொருளாக எண்ணி வாய் மூடியிருப்பதால், முத்திரை குத்தும் உழைப்பைக்கூட அதிகாரிகளுக்கு ஆசிரியர்கள் மிச்சப்படுத்தித் தருகின்றனர். நாற்பது பிள்ளைகளின் முன் நின்று, கேள்வி கேள், ஐயம் தெளி என்று கற்பிப்பவர் அலுவலகக் கடிதத்தின் மூலையில் ஒரு சொல்லைக் கண்டதும் குரல் தாழ்த்துவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மேருவில் வாழ்வோருக்கு ஒரு வாயில் உண்டு. சிலாங்கூர் மாநிலம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் தகவல் கேட்டு எவரும் விண்ணப்பிக்கலாம். அச்சட்டத்தில் குறைகள் உள. கேட்பதன் காரணத்தைக் கூற வேண்டுமென்பது ஒரு குறை. தன் வீட்டுப் பொருளைக் கேட்பவன் காரணம் கூறுவானேன்? கூட்டரசின் இரகசியச் சட்டம் மேலே நிற்பதால், ஆட்சிமன்றக் குழு ஏடுகள் அங்கும் எட்டாக்கனியே. எனினும் ஊராட்சி மன்றத்தின் செலவுக் கணக்கையும், வடிகால் பணியின் ஒப்பந்தத்தையும், திடலுக்கென ஒதுக்கிய நிலத்தின் வரைபடத்தையும் கேட்க அதுவே வழி. அந்த வழியில் தமிழர் எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கிறார்கள். குப்பை அகற்றப்படவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று நகராண்மைக் கழகத் தலைவருக்குப் புகார்க் கடிதம் எழுதும் பயிற்சி ஆண்டுதோறும் நடக்கிறது. பிள்ளைகளும் அனுப்புநர், பெறுநர், ஐயா, இக்கண் எனப் பிழையின்றி எழுதுகின்றனர். கடிதம் ஆசிரியரின் மேசையோடு நின்றுவிடுகிறது. அடுத்த பயிற்சியாக, தெருவிளக்குகளைப் பராமரிக்க இவ்வாண்டு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவு செய்யப்பட்டது எவ்வளவு, ஒப்பந்தம் எவருக்குத் தரப்பட்டது என்று 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம். நடைப்பிழை திருத்தி, பெற்றோர் ஒருவரின் கையொப்பத்துடன், அதை உண்மையாகவே அனுப்பிவைக்கலாம். மறுமொழி வந்தாலும் வராவிட்டாலும் அதையும் வகுப்பில் படித்துக் காட்டலாம்.